கண்கண்ட சாட்சியும் காணாத உண்மையும்

"கண்ணால் காண்பதும் பொய்" என்றொரு பழமொழியை நாம் எல்லாரும் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆயினும் அதை நாம் மெய்யாக நம்பியதில்லை. ஒரு வழக்கில் ஒருவர் முன்வந்து, "நான் அங்கே நின்றேன், என் இரு கண்களாலும் பார்த்தேன், இவர்தான் அவர்" என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் நாம் என்ன கேட்போம்? ஊர்ப் பஞ்சாயத்தானாலும் உயர்நீதிமன்றமானாலும் அந்த ஒரு விரலுக்கு உள்ள வலிமை வேறு எதற்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

சாட்சிகளை நாம் இரண்டே வகையாகப் பிரித்துப் பழகிவிட்டோம். ஒருவர் உண்மை பேசுகிறவர், மற்றவர் பொய்யர். நீதிமன்றங்களில் நடைபெறும் குறுக்கு விசாரணை என்னும் கலை பெரும்பாலும் பொய்யரைப் பிடிப்பதற்காகவே வளர்ந்தது. முன்னுக்குப் பின் முரணாகப் பேச வைத்து, பகையையும் ஆதாயத்தையும் வெளிக்கொணர்ந்து, குரலின் தடுமாற்றத்தைக் காட்டி, ஒரு நல்ல வழக்கறிஞர் பொய்யரை மடக்கிவிடுவார். ஆனால் மூன்றாவது வகைச் சாட்சி ஒருவர் இருக்கிறார். பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லாதவர். எவரிடமும் பகை இல்லாதவர். தாம் சொல்வதே உண்மையென்று நெஞ்சார நம்புகிறவர். அப்படியிருந்தும் தவறாகச் சொல்கிறவர். இவரை எந்த வழக்கறிஞராலும் மடக்க இயலாது. மறைப்பதற்கு இவரிடம் ஒன்றும் இல்லையே! உளவியல் ஆய்வாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீதித்துறையின் கதவைத் தட்டிச் சொல்லி வருவது இந்த மூன்றாம் மனிதரைப் பற்றித்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்லின் நகரில் சட்டப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ஃபொன் லிஸ்ட் தம் வகுப்பறையில் ஒரு சோதனை நடத்தினார். பாடம் நடந்துகொண்டிருந்தபோது இரு மாணவர்கள் திடீரெனச் சொற்போரில் இறங்கினர். பேச்சு தடித்தது; ஒருவர் துப்பாக்கியை எடுத்தார்; பேராசிரியர் நடுவே புகுந்தார். அத்தனையும் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்ட நாடகம் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. பின்னர் அவர்களிடம் கண்டதை விவரிக்கச் சொன்னபோது, பிழையின்றி விவரித்தவர் ஒருவர்கூட இல்லை. பரபரப்பு மிகுந்த பிற்பகுதியில்தான் பிழைகளும் மிகுந்திருந்தன. அவர்கள் யாவரும் நாளைய வழக்கறிஞர்கள், நீதிபதிகள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1908ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் ஹியூகோ மன்ஸ்டர்பர்க், சாட்சிக் கூண்டில் நிற்பவரின் மனத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதி, நீதிமன்றங்கள் உளவியலுக்குச் செவிசாய்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அமெரிக்கச் சட்ட உலகில் சாட்சியச் சட்டத்தின் பேரறிஞராகத் திகழ்ந்த ஜான் ஹென்றி விக்மோர் மறு ஆண்டே ஒரு கற்பனை வழக்கை எழுதி, அதில் மன்ஸ்டர்பர்க்கையே பிரதிவாதியாக நிறுத்தி எள்ளி நகையாடினார். அந்த எள்ளலில் நியாயமும் இருந்தது. நீதிமன்றம் நம்பிக் கைக்கொள்ளும் அளவுக்கு அன்று ஆய்வுகள் முதிர்ச்சி பெற்றிருக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நகைப்புக்குப் பிறகு இரு துறைகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று திரும்பிப் பாராமலே இருந்துவிட்டன.

இதில் வேதனை என்னவென்றால், ஆய்வுக்கூடத்திற்குப் போகாமலே கண்டறியக்கூடிய உண்மை அப்போதே லண்டனில் நிகழ்ந்திருந்தது. நார்வே நாட்டில் பிறந்த அடால்ஃப் பெக் என்பவர் பெண்களை ஏமாற்றி நகைகளைக் கவர்ந்ததாக 1896இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு ஏழு ஆண்டுக் கடுந்தண்டனை பெற்றார். ஏமாந்த பெண்கள் பலர் ஒருவர்பின் ஒருவராக வந்து, "இவரே" என்று சொன்னார்கள். 1901இல் விடுதலையானவர் 1904இல் அதேபோன்ற வழக்கில் மீண்டும் குற்றவாளியானார். தண்டனை விதிக்கப்படுமுன் உண்மைக் குற்றவாளி வேறோர் இடத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டான். பெக் மன்னிப்பும் இழப்பீடும் பெற்றார். இங்கிலாந்தில் 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் பிறந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். அந்தப் பெண்களில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தவறினால் அதைத் தவறு என்போம். அத்தனை பேரும் ஒரே தவறைச் செய்தால் அதையல்லவா உலகம் உண்மையென்று கொண்டாடுகிறது!

இப்படி நேர்வது எவ்வாறு? நினைவு என்பதை நாம் ஒரு பெட்டகமாகக் கருதுகிறோம். பார்த்ததை உள்ளே வைத்துப் பூட்டினோம். வேண்டும்போது திறந்து எடுக்கிறோம் என்று எண்ணுகிறோம். அது அவ்வாறன்று என்பதை 1974இல் அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்பவருடன் சேர்ந்து மிக எளிய முறையில் நிறுவினார். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, வண்டிகள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். சிலரிடம் "ஒன்றோடொன்று நொறுங்க மோதியபோது" என்றும், சிலரிடம் "தொட்டபோது" என்றும் கேள்வியின் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள். "நொறுங்க மோதிய" என்ற சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றார்கள். "தொட்ட" என்ற சொல்லைக் கேட்டவர்கள் ஏறத்தாழ 32 மைல் என்றார்கள். பார்த்த படங்கள் அவையேதாம்.

அடுத்த சோதனை இதைவிட வியப்பானது. 150 மாணவர்களுக்கு ஒரு விபத்தைக் காட்டி, ஒரு வாரம் கழித்து அழைத்து, "உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனால் முதல் நாளில் "நொறுங்க மோதிய" என்ற சொல்லோடு வினவப்பட்ட 50 பேரில் 16 பேர் கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வேகத்தைப் பற்றிக் கேள்வியே கேட்கப்படாத 50 பேரில் அவ்வாறு சொன்னவர்கள் 6 பேர்தாம். ஒரே ஒரு சொல், ஒரு வாரத்திற்குள், இல்லாத கண்ணாடியைச் சாலையில் கொட்டிவிட்டது. இதைப் பொய் என்று நாம் சொல்ல முடியுமா?

இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டியதில்லை. நம் வீடுகளே போதும். நமது ராத்தாவின் நிக்காஹ் நாளில் பெருமழை பெய்து பந்தல் சரிந்தது. நிக்காஹ் முடிவதற்கு முன்பே சரிந்தது என்பார் காக்கா. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்த பின்னரே சரிந்தது என்பார் ராத்தா. இருவரும் இன்றளவும் விட்டுக்கொடுப்பதில்லை. அதைவிட வேடிக்கை நம் தம்பியின் நினைவு. மூங்கில் ஒடிந்த ஓசையையும், வாப்பா ஜமுக்காளத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததையும் அவன் நேரில் கண்டவனாக, கையசைத்து விவரிப்பான். அன்றைக்கு அவனுக்கு இரண்டு வயது. மழைக்குப் பயந்து அவனைப் பக்கத்து வீட்டில் தூங்க வைத்திருந்ததாக உம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் வாயால் கேட்டுக் கேட்டு அந்தக் காட்சி அவன் கண்ணுக்குள் குடியேறிவிட்டது. வீட்டுக் கூடத்தில் இது சிரிப்பதற்குரிய செய்தி. இதே நினைவு நீதிமன்றக் கூண்டில் ஏறும்போதுதான் ஓர் உயிரின் விலை அதில் தொங்குகிறது.

அப்படித் தொங்கிய ஒரு வாழ்வைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 1984ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பர்லிங்டன் நகரில், ஜெனிஃபர் தாம்ப்சன் என்னும் 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து அவரை வன்கொடுமைக்கு ஆளாக்கினான். அந்தக் கொடிய நேரத்திலும் அவர் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, உயிர் பிழைத்தால் இவனைக் காட்டிக்கொடுத்தே தீர வேண்டும் என்ற உறுதியோடு அவன் முகத்தை உற்று நோக்கினார். இத்தகைய சாட்சியைவிடச் சிறந்த சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

காவல்துறையினர் சில நிழற்படங்களை அவர் முன் வைத்தார்கள். சில நிமிடங்கள் யோசித்த பின் ரொனால்டு காட்டன் என்னும் கறுப்பின இளைஞரின் படத்தை எடுத்தார். பின்னர் ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். அங்கும் சற்றுத் தயங்கி அதே காட்டனைச் சுட்டினார். படத்திலும் இருந்து வரிசையிலும் நின்றவர் காட்டன் ஒருவரே. "முன்பு படத்தில் நீங்கள் காட்டியவரும் இவரே" என்று அவரிடம் சொல்லப்பட்டது. அதுவரை இருந்த தயக்கமெல்லாம் அந்தச் சொல்லோடு கரைந்தது. 1985 ஜனவரியில் நீதிமன்றத்தில் நின்றபோது அவருக்கு ஐயம் என்பதே இல்லை. ஆயுள் தண்டனையும் அதன்மேல் 50 ஆண்டுகளும் காட்டனுக்கு விதிக்கப்பட்டன.

சிறையில் காட்டன் தம்மைப் போன்ற தோற்றமுடைய பாபி பூல் என்பவனைக் கண்டார். வேறு குற்றங்களுக்காகத் தண்டனை பெற்று வந்தவன் அவன். இந்தக் குற்றத்தையும் தானே செய்ததாக அவன் சக கைதியிடம் சொன்ன செய்தி காட்டன் காதுக்கு எட்டியது. 1987இல் மறுவிசாரணை நடந்தது. பூலை நீதிமன்றத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தம்மைச் சிதைத்தவனையே நேருக்கு நேர் பார்த்த அந்தப் பெண், இவனை நான் கண்டதே இல்லை என்றார். அவருடைய நினைவில் அந்த இரவின் முகம் அழிந்து, காட்டனின் முகம் அதன் இடத்தில் அமர்ந்துவிட்டிருந்தது. காட்டன் மீண்டும் தண்டிக்கப்பட்டார். 1995இல் மரபணுச் சோதனை நடந்தது. குற்றவாளி பூலே என்று அது ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த காட்டன் விடுதலையானார். பின்னர் அந்தப் பெண்ணும் காட்டனும் சந்தித்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார், காட்டன் மன்னித்தார். இருவரும் இணைந்து 2009இல் தங்கள் கதையை நூலாக வெளியிட்டு, சாட்சி விசாரணை முறைகளின் சீர்திருத்தத்திற்காக ஊர் ஊராகப் பேசினார்கள். மனிதப் பெருந்தன்மைக்கு இது சான்றுதான். ஆனால் போன பத்து ஆண்டுகளை எந்தப் பெருந்தன்மை திருப்பித் தரும்?

இது எங்கோ நடந்த ஒற்றைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. பாரி ஷெக், பீட்டர் நியூஃபெல்டு என்னும் இரு வழக்கறிஞர்கள் 1992இல் நியூயார்க்கில் தொடங்கிய அமைப்பும் அதன் வழிவந்த பிறரும் மரபணுச் சோதனையின் துணையால் நிரபராதிகளை விடுவித்து வந்தனர். அவ்வாறு அமெரிக்காவில் விடுதலையான முதல் 250 பேரின் வழக்குகளைச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் ஆராய்ந்து 2011இல் நூலாக்கினார். 250இல் 190 வழக்குகளில் கண்கண்ட சாட்சிகள் தவறான ஆளைச் சுட்டியிருந்தார்கள். அதில் இன்னொரு செய்தி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. விசாரணைப் பதிவுகள் கிடைத்த வழக்குகளில் பாதிக்கும் மேலானவற்றில், நீதிமன்றத்தில் உறுதியாகச் சொன்ன சாட்சிகள் முதன்முதல் அடையாளம் காட்டியபோது அத்தனை உறுதியோடு இருக்கவில்லை.

அப்படியானால் உறுதி இடையில் எங்கிருந்து வந்தது? 1998இல் கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்டு என்னும் இரு ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். கடைக் கண்காணிப்புப் படக்கருவியில் பதிவான மங்கலான காட்சி ஒன்றை மாணவர்களுக்குக் காட்டி, பின்னர் சில நிழற்படங்களை வைத்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். குற்றவாளியின் படம் அவற்றுள் இல்லை. ஆகவே யாரைச் சுட்டினாலும் தவறே. சுட்டி முடித்த சிலரிடம் மட்டும், "நன்று, சந்தேகத்துக்குரியவரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அவ்வளவுதான். அவர்கள் தங்கள் உறுதியை உயர்த்திச் சொன்னதோடு நிற்கவில்லை. முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாகவும், மிகக் கவனத்தோடு நோக்கியதாகவும், உடனே அடையாளம் கண்டுகொண்டதாகவும் சொன்னார்கள். ஒரு பாராட்டுச் சொல் கடந்த காலத்தையே திருத்தி எழுதிவிட்டது.

அச்சமும் இதில் சேர்ந்துகொள்கிறது. "அந்த முகத்தை மறக்கவே முடியாது; அத்தனை பயந்தேன்" என்று நாம் சொல்வதுண்டு. அமெரிக்க இராணுவப் பயிற்சி முகாமில், பகைவரிடம் சிறைப்பட்டதுபோல் கடுமையாக விசாரிக்கப்பட்ட வீரர்களை வைத்துச் சார்லஸ் மார்கன் குழுவினர் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. அரை மணிக்கு மேல் எதிரே நின்று தம்மை மிரட்டிய மனிதரை மறுநாள் சரியாக அடையாளம் காட்டியவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. மிரட்டலின்றி விசாரிக்கப்பட்டவர்கள் இவர்களைவிட நன்றாக அடையாளம் காட்டினார்கள். அச்சம் முகத்தைப் பதிய வைப்பதைவிடக் கலைத்துவிடவே வல்லது.

முகம் உண்மையாகப் பதிந்திருந்தும், அதை எங்கே கண்டோம் என்பது தவறிப்போவதும் உண்டு. ஆஸ்திரேலிய உளவியலாளர் டொனால்டு தாம்சன் வன்கொடுமைக் குற்றம் ஒன்றில் சந்தேகிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டார். பாதிக்கப்பட்ட பெண் அவரைத் தெளிவாக அடையாளம் காட்டினார். ஆனால் குற்றம் நிகழ்ந்த அதே நேரத்தில் தாம்சன் தொலைக்காட்சி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தாக்கப்படுவதற்குச் சற்றுமுன் அதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கண்ட முகம் அவர் நெஞ்சில் குற்றவாளியின் முகமாகிவிட்டது. தாம்சன் அன்று தொலைக்காட்சியில் பேசிய பொருள் என்ன தெரியுமா? சாட்சிகளின் நினைவாற்றல்!

இவற்றையெல்லாம் கேட்டு, "அப்படியானால் சாட்சிகளே வேண்டாமா? குற்றவாளிகளெல்லாம் தப்பிவிடட்டுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வாளர்கள் சொல்வது அதுவன்று. குற்றம் நடந்த இடத்திலுள்ள கைரேகையை எவ்வாறு எவர் கையும் படாமல் காக்கிறோமோ, அவ்வாறே சாட்சியின் நினைவையும் காக்க வேண்டும் என்பதே அவர்கள் சொல்வது. கைரேகையின் மீது பத்துப் பேர் கைவைத்த பின் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டு போவோமா?

காக்கும் வழிகளும் எளியவையே. அடையாள அணிவகுப்பை நடத்துகிறவருக்கே சந்தேகத்துக்குரியவர் யார் என்று தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் ஒரு பார்வையோ பெருமூச்சோ அவரை அறியாமலே சாட்சிக்குச் செய்தி சொல்லிவிடும். "குற்றவாளி இவர்களுள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முன்னரே சொல்ல வேண்டும். உடன் நிற்பவர்கள் சாட்சி சொன்ன அடையாளங்களுக்குப் பொருந்தியவர்களாக இருக்க வேண்டும். சுட்டிய அக்கணமே, எவரும் எதுவும் சொல்லுமுன், எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொந்தச் சொற்களிலேயே பதிவு செய்ய வேண்டும். ஜான் விக்ஸ்டெட், கேரி வெல்ஸ் ஆகிய இருவரும் 2017இல் தொகுத்துரைத்த முடிவு இதற்கு வலுவூட்டுகிறது. இவ்விதிகளின்படி நடந்த முதல் சோதனையில் சாட்சி மிகுந்த உறுதியோடு சுட்டினால், அது பெரும்பாலும் நம்பத் தக்கதே. காலம் கடந்து, பலர் கைபட்டு, நீதிமன்றத்தில் ஒலிக்கும் உறுதிக்குத்தான் அந்த மதிப்பு இல்லை.

சட்ட உலகமும் மெல்லச் செவிசாய்த்து வருகிறது. இங்கிலாந்தில் டெவ்லின் பிரபு தலைமையிலான குழு 1976இல் அடையாளச் சாட்சியத்தின் ஆபத்துகளை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதே ஆண்டில் டர்ன்புல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அடையாளச் சாட்சியத்தை நம்பி நிற்கும் வழக்குகளில் நீதிபதி ஜூரிகளை எச்சரிக்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து உச்சநீதிமன்றம் 2011இல் ஹெண்டர்சன் வழக்கில் உளவியல் ஆய்வுகளை விரிவாக எடுத்தாண்டு, நீதிமன்றங்களின் பழைய அளவுகோல் போதாது என்று தீர்ப்பளித்தது. விக்மோர் நகைத்ததற்கு நூறு ஆண்டுகள் கழித்து அந்தக் கதவு திறந்தது.

நம் நாட்டு நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின் கீழ் நடைபெற்று வந்த அடையாள அணிவகுப்பு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் ஏழாம் பிரிவின் கீழ் தொடர்கிறது. அணிவகுப்பைக் காவல்துறையினர் அல்லாமல் குற்றவியல் நடுவர் நடத்துவது வழக்கம். அதற்குமுன் சந்தேகத்துக்குரியவரையோ அவர் படத்தையோ சாட்சிக்குக் காட்டிவிட்டால் அணிவகுப்பே மதிப்பிழக்கும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இவை போற்றத் தக்க காப்புகள். ஆயினும் நம் சட்டத்தில் நீதிமன்றத்தில் சாட்சி விரல் நீட்டுவதே மூலச் சான்று. முன்னர் நடந்த அணிவகுப்பு அதற்குத் துணைச் சான்று மட்டுமே. முதல் அடையாளமே மதிப்புடையது என்று உளவியல் சொல்ல, கடைசி அடையாளத்துக்கே சட்டம் முதலிடம் தருகிறது. அதிலும் ஒரு வழக்கு கூண்டுக்கு வர ஆண்டுகள் பல ஆகும் நாட்டில், கைப்பேசி தோறும் சந்தேகத்துக்குரியவரின் படம் பரவும் காலத்தில், இந்த முரண் சிறியதன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நமது தெருப் பெரியவர் ஒருவருக்கு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. மாமா என்றே அவரை நாம் அழைப்போம். கடைத்தெருவில் ஒரு மூதாட்டியின் கழுத்துச் சங்கிலி பறிக்கப்பட்டதை அவர் கண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தவனின் முகத்தை நொடிப்பொழுது பார்த்தார். அது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. துணைக்கு நாமும் உடன் சென்றோம். நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அவர் மெல்லக் கேட்டார்: "தம்பி, அன்னைக்குப் பாத்தது இன்னைக்கும் அப்படியே கண்ணுல நிக்குதுன்னு சொன்னா அது பொய்யாப் போயிடும். ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னா அந்தக் கிழவிக்குத் துரோகமாப் போயிடும். நான் என்ன செய்யட்டும்?"

"தெரிஞ்சதைத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லுங்க மாமா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்றோம்.

அவர் அவ்வாறே செய்தார். நேரம், இடம், வண்டி வந்த திசை யாவற்றையும் தெளிவாகச் சொன்னார். எதிரே நின்ற இளைஞனைக் காட்டிக் கேட்டபோது, "இவரைப் போலத்தான் இருந்தது, இவர்தான் என்று சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது" என்றார். வெளியே வந்தபோது, வராந்தாவில் நின்றவர்களுள் ஒருவர், "பெரியவர் விலைபோய்விட்டார்" என்று நம் காதுபடச் சொன்னார். அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. சில நாள்வரை முகங்கொடுத்துப் பேசாதவர்களும் உண்டு. அவரோ, "நாளைக்கு எனக்கும் கேள்வி கணக்கு இருக்குல்ல தம்பி" என்றதோடு நிறுத்திக்கொண்டார். விரலை நீட்டி "இவனேதான்" என்று சொல்லியிருந்தால் அதே தெரு அவரை வீரர் என்று கொண்டாடியிருக்கும். அந்தக் கொண்டாட்டமே வெல்ஸும் பிராட்ஃபீல்டும் கண்ட பாராட்டுச் சொல்லின் ஊரளவு வடிவம் அல்லவா?

நேர்மை வேறு, துல்லியம் வேறு என்பது நமக்குப் புதிய செய்தியாக இருக்கலாகாது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பாளரை எடைபோடும்போது இரண்டு தகுதிகளைத் தனித்தனியே பார்த்தார்கள். ஒன்று அதாலத் என்னும் ஒழுக்க நேர்மை; மற்றொன்று ளப்த் என்னும் நினைவின் துல்லியம். இறையச்சம் மிக்கவர், வாய்மையாளர் என்று போற்றிய அதே மனிதரின் அறிவிப்பை, நினைவாற்றல் போதாது என்ற காரணத்தால் பலவீனமானதென்று ஒதுக்கவும் அவர்கள் தயங்கவில்லை. முதுமையில் ஒருவரின் நினைவு குழம்பியிருந்தால், அதற்கு முன் கேட்டவை எவை, பின் கேட்டவை எவை என்று பிரித்துப் பார்த்தார்கள். எவரும் அதை அந்தப் பெரியார்களுக்கு இழைத்த அவமதிப்பாகக் கொள்ளவில்லை. இந்தப் பகுத்தறிவைப் பல நூற்றாண்டுகளாகக் கற்றுவரும் ஒரு சமுதாயம், "எனக்கு உறுதியில்லை" என்று சொன்ன பெரியவரைப் பார்த்து "விலைபோனார்" என்று சொல்லலாமா?

சாட்சியம் ஓர் அமானிதம். அமானிதத்தைக் குறைத்துக் கொடுப்பது மோசடி என்று நாம் அறிவோம். இல்லாததைச் சேர்த்துக் கொடுப்பதும் மோசடியே. ஏனெனில் அந்தக் கூடுதலின் விலையை வேறொருவர் தம் ஆயுளால் செலுத்துகிறார். தவறான ஒருவர் உள்ளே போகும்போது சரியானவன் வெளியே உலவுகிறான் என்பதையும் நாம் மறக்கலாகாது. காட்டனைச் சிறைக்கு அனுப்பிய தீர்ப்பு அந்தப் பெண்ணுக்கும் நீதி வழங்கவில்லை.

நாம் எல்லாரும் நீதிபதிகள் அல்லோம். ஆனால் நம்மில் எவரும் நாளை சாட்சியாக நிற்க நேரலாம். அப்போது செய்ய வேண்டியவை சில உண்டு. கண்டதை அன்றைக்கே, பிறரோடு கலந்து பேசுமுன், நாள் நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். உடன் கண்டவரோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கதையைச் சீராக்கிக்கொள்ளக் கூடாது. கைப்பேசியில் வரும் படத்தைப் பார்த்து, "இவன்தானோ?" என்று மனத்தைப் பழக்கக் கூடாது. எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை முதல் விசாரணையிலேயே சொல்லி, அது பதிவாயிற்றா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் வீட்டில்தான் இடப்படுகிறது. பிள்ளைகள் சண்டையிட்டு வரும்போது, "யார் அடித்தது, உண்மையைச் சொல்" என்று அதட்டுகிறோம். தயங்கும் பிள்ளையைக் கள்ளன் என்கிறோம். சட்டென்று பெயர் சொல்லும் பிள்ளையை நல்லவன் என்கிறோம். தயக்கத்துக்குத் தண்டனையும் துணிச்சலுக்குப் பரிசும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன. "நான் பார்த்தது இவ்வளவுதான், மற்றது எனக்குத் தெரியாது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை முழுமையான விடையாக ஏற்றுக்கொள்ள நாம் பழக வேண்டும். அப்படி வளர்ந்த பிள்ளை ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது, எதிரே நிற்கும் முன்பின் அறியாத ஒருவரின் வாழ்வு அதன் சொல்லில் பத்திரமாக இருக்கும்.